நாள் தள்ளும் முன்பே

கற்பிட்டியில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது. ஓரிரு வாரம் பொறுத்திருந்து, சோதித்துப் பார்த்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதிகிறாள். கிளினிக் அட்டை கைக்கு வரும்போது கரு சில வாரம் வளர்ந்திருக்கும். மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாயோ, கரு உண்டாகி 28 நாளிலேயே மூடிக்கொள்கிறது. அதற்கும் முந்திய ஒரு வேலை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த வேலையைப் புத்தளத்துக்காரருக்கு விளக்க உப்பளம் போதும். எல்லாப் பாத்திக்கும் ஒரே களப்பு நீர்தான். எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. நம் உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் அப்படியே ஒரே மரபணுத் தொகுதி இருக்கிறது. மீதைல் எனும் சிறு இரசாயனக் குறிகள் அதில் மடைகளாக நின்று, எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்கலாம் என்று தீர்மானிக்கின்றன. இதைப் படிப்பதே மேல்மரபியல். கருவுற்ற முதல் நாட்களில் தாய், தந்தை வழி வந்த குறிகளில் பெரும்பாலானவை அழிந்து, கரு கருப்பையில் பதியும் காலத்தில் புதிதாக இடப்படுகின்றன. மரபணு மாறுவதில்லை, மடை மாறலாம்.

இதற்கு மனிதரிடம் கிடைத்த வலுவான சான்று நெதர்லாந்தில் இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம். அப்போது கருவானவர்களை ஏறக்குறைய 60 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். உடல் வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவில், அவர்களுக்கு உடன்பிறந்தோரைவிட மீதைல் குறிகள் குறைவாக இருந்தன. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. தொடக்க நாட்களே கணக்கில் வந்தன.

நம் கரையில் எவை ஆபத்து?

முதலாவது புகையும் தூசும். புகைபிடித்த தாய்மாரின் சிசுக்களின் இரத்தத்தில் மீதைல் குறிகள் மாறியிருப்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. காற்றிலுள்ள நுண்துகள்களுக்கும் நஞ்சுக்கொடியின் குறிகளுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் இருக்கிறது. காற்றுக் காலத்தில் நிலக்கரித் தூசும் சாம்பலும் வீடுகளில் படிவதாக அயலூர் மக்கள் பல வருடமாக முறையிடுகிறார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆசனிக், ஈயம் போன்றவை சிறிதளவு இருக்கும். வீட்டுக்குள் எரியும் விறகடுப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது தோட்டத்து மருந்து. இதில் ஆண்களுக்கும் பங்குண்டு. விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேலாகும்; அதுவும் குறிகளைச் சுமந்தே வருகிறது. பிள்ளைக்கு ஆயத்தமாகும் கணவன் மூன்று மாதம் முன்பிருந்தே மருந்து அடிக்கும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. முடியாவிட்டால் கையுறையும் முகமூடியும் அணிந்து, குளித்துவிட்டு வீட்டுக்குள் வரட்டும். அந்த உடுப்பை வேறாகத் துவைக்க வேண்டும்.

மூன்றாவது கிணறு. கற்பிட்டியின் மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளை மணலில் நிற்காமல் அதில் இறங்குகிறது. இங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று இதைத் தாண்டினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடும்.

பாதுகாப்பு கலியாணத்தோடு தொடங்கவேண்டும். புதுமணத் தம்பதியர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்தால் போலிக் அமிலம் இலவசமாகக் கிடைக்கும். மீதைல் குறிகள் இடுவதற்கு உடலுக்கு உதவும் சத்து அது. கீரையிலும் பருப்பிலும் இருக்கிறது. குடிக்கும் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆனால், எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்ற முடியாது. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கும் ஊர், கிணற்றில் என்ன கலந்தது என்றும் கேட்கவேண்டும்.

கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வடமேல் மாகாணத்தின் 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டப்படி, குறித்துரைக்கப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்று, அதன் நிபந்தனைப்படி இயங்கவேண்டும். அந்த நிபந்தனைகளையும் அளவீட்டு அறிக்கைகளையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதைக் கேட்கப்பட்ட அரச நிறுவனம் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்யவேண்டும். முறைப்பாட்டை வடமேல் மாகாண சுற்றாடல் அதிகாரசபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள். பொதுத் தொல்லையை அகற்றக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி நீதவான் கட்டளையிடலாம்.

அரச நிறுவனம் கடமை தவறி அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

முன்னுதாரணம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கிறது. அனல்மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் செலுத்தக் கட்டளையிட்டது. அங்கே பேசியது கிணற்று நீர். தன் பிள்ளையின் மரபணுக் குறி இந்தப் புகையால்தான் மாறியது என்று எந்தத் தாயாலும் நிறுவ முடியாது. ஆனால் தண்ணீர் வரம்பு மீறியிருக்கிறது என்பதை ஓர் ஆய்வுகூட அறிக்கை காட்டிவிடும். ஆகவே தூசு படிந்த நாளை எழுதிவையுங்கள், படம் எடுங்கள், முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கிளினிக் அட்டை வைக்கும் உறையிலேயே கிணற்று நீர் அறிக்கையும் இருக்கட்டும்; அட்டைக்கு முன்பே அது அங்கு வந்திருக்கவேண்டும்.