இசை நிகழ்ச்சி ரத்தானால் ரசிகருக்கு என்ன உரிமை? பயணச் செலவையும் கேட்க முடியுமா?

பெங்களூரு: புதிய பாடல் வெளியாகும்போது ரசிகர் எங்கும் செல்ல வேண்டியதில்லை. அது அவரது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்றால் இழப்பது சில நிமிடங்கள் மட்டுமே. நேரடி இசை நிகழ்ச்சி அப்படியல்ல. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் வசிக்கும் ஒரு தமிழ் ரசிகர், சென்னையில் நடைபெறும் நிகழ்ச்சிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். நுழைவுச்சீட்டு, சுமார் 360 கிலோ மீட்டர் ரயில் பயணம், தங்கும் அறை, வேலைக்கு விடுப்பு என அவரது செலவு பல மடங்காகிறது. நிகழ்ச்சி நடைபெறாமல் போனால் இவற்றில் எதை அவர் திரும்பக் கேட்கலாம்? நிகழ்ச்சி ஏன் நடைபெறவில்லை என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

ஏமாற்றம் பல வகை

ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடைபெறுவதாக இருந்து, மழையால் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பனையூரில் அது நடைபெற்றபோது, சீட்டு வைத்திருந்த ஏராளமானோர் நெரிசல் காரணமாக உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர். கூட்டத்தில் சிக்கித் தவித்ததாகவும், பெண்களிடம் சிலர் அத்துமீறியதாகவும் புகார்கள் எழுந்தன. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கோரினர். உள்ளே வர முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்புமாறு ரஹ்மான் கேட்டுக்கொண்டார். காவல்துறையும் விசாரணை நடத்தியது.

அனிருத்தின் 'ஹுக்கும்' நிகழ்ச்சி 2025 ஜூலை 26 அன்று திருவிடந்தையில் நடைபெறுவதாக இருந்தது. அது தள்ளிவைக்கப்பட்டு, சீட்டுத் தொகை திருப்பித் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆகஸ்ட் 23 அன்று கூவத்தூரில் நிகழ்ச்சி நடைபெற்றது.

முற்றிலும் ரத்தான நிகழ்ச்சிக்கு மெட்டாலிகா இசைக்குழு ஓர் எடுத்துக்காட்டு. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடைபெறவிருந்த அதன் நிகழ்ச்சி பாதுகாப்புக் காரணங்களால் நின்றுபோனது. ஆத்திரமடைந்த ரசிகர்கள் மேடையைச் சேதப்படுத்தினர். இரண்டு நாள்களுக்குப் பிறகு, அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் திட்டமிட்டபடி பாடியது.

1872ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது

சட்டத்தின் பார்வையில் நுழைவுச்சீட்டு ஓர் ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு, ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதன் மூலம் பலன் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இதை விளக்க அச்சட்டமே ஒரு பாடகரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஒருவர் இசை நிகழ்ச்சியில் பாட ஒப்புக்கொண்டு 1,000 ரூபாய் முன்பணம் பெறுகிறார். உடல்நலக் குறைவால் அவரால் பாட இயலவில்லை. ஏற்பாடு செய்தவர் ஈட்டியிருக்கக்கூடிய லாபத்துக்கு அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டு பாடகருக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையிலானது. எனினும் அதன் நியாயம் ரசிகருக்கும் பொருந்தும். புயல், கலைஞரின் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி ரத்தானால், சீட்டுத் தொகையைக் கேட்க வலுவான அடிப்படை உண்டு. ரயில் கட்டணத்தையும் அறை வாடகையையும் பெறுவது கடினம்.

தவறு நிர்வாகத்தினுடையது என்றால்

மழை யாருடைய தவறும் அல்ல. ஆனால் இடவசதியை மீறிச் சீட்டு விற்பதும், நுழைவாயில்களைச் சரியாக நிர்வகிக்காததும் தவிர்க்கக்கூடியவை. இங்கேதான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கிறது. பணம் பெற்று அளிக்கப்படும் சேவையில் காணப்படும் குறையை அச்சட்டம் 'சேவைக் குறைபாடு' எனக் குறிப்பிடுகிறது. செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும், அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். எனவே நிர்வாகத் தவறால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ரசிகர், சீட்டுத் தொகையுடன் பயணச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கோரலாம்.

தேதி மாறும்போது, பழைய சீட்டே செல்லுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைச் சீட்டின் நிபந்தனைகளில் முதலில் பார்க்க வேண்டும். எந்தச் சூழலிலும் பணம் திரும்பத் தரப்படாது என்று அச்சிட்டுவிடுவதால் மட்டும் விவகாரம் முடிந்துவிடாது. நுகர்வோருக்கு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு.

சென்னை நிகழ்ச்சிக்குப் பெங்களூருவில் வழக்கு

இச்சட்டம் கொண்டுவந்த முக்கியமான மாற்றம், புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது. நிகழ்ச்சி சென்னையில் நடைபெற்றிருந்தாலும், ஜீவனஹள்ளி ரசிகர் பெங்களூருவில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமல்ல. 'இ-ஜாக்ருதி' இணையதளம் வழியாகவும் புகார் அளிக்கலாம். காணொலி விசாரணை கோரவும் சட்டத்தில் இடமுண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டால், வழக்கின்றியே தீர்வு கிடைக்க வாய்ப்புண்டு.

ரசிகர்கள் கவனிக்க வேண்டியவை

சீட்டு உறுதியான மின்னஞ்சல், பணம் செலுத்திய பதிவு, ஏற்பாட்டாளரின் அறிவிப்புகள், பயணச் சீட்டு, அறை ரசீது ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். வாயிலில் தடுக்கப்பட்டால், நேரம் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. பாலியல் அத்துமீறல் போன்றவை குற்ற வழக்குக்கு உரியவை. அவற்றுக்கு 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும்.

சீட்டை வேறொருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்குவதில் ஆபத்து அதிகம். பணம் திருப்பித் தரப்படும்போது, அது வழக்கமாக முதலில் பணம் செலுத்தியவரின் கணக்குக்கே செல்லும். கூடுதலாகக் கொடுத்த தொகைக்கு ஏற்பாட்டாளர் பொறுப்பேற்கமாட்டார்.

கூட்ட நெரிசல் எவ்வளவு கொடியது என்பதைப் பெங்களூரு அறியும். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்புக்காக ஒரு நிகழ்ச்சி நிறுத்தப்படும்போது அதை ஏற்றுக்கொள்வது ரசிகரின் கடமை. அதற்காகச் சீட்டுத் தொகையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில்லை.