அணையாடை: முதுமைக்கு ஓர் ஊன்றுகோல்

பார்வை மங்கினால் மூக்குக்கண்ணாடி அணிகிறோம். கால் தளர்ந்தால் ஊன்றுகோல் ஏந்துகிறோம். இவற்றை எவரும் இழிவென எண்ணுவதில்லை. ஆயின், சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றும்போது மட்டும் நாணி ஒடுங்குகிறோம். திருமண வீட்டிற்குச் செல்லாமலும், பள்ளிவாசலுக்குப் போகாமலும், தாகம் எடுத்தும் நீர் அருந்தாமலும் வாழும் மூத்தோர் பலர். அவர்தம் துன்பத்தைக் குறைக்க வல்ல அணையாடையைப் பற்றி இவண் காண்போம்.

அணையாடை என்னும் சொல் முன்னர்க் குழந்தைக்குரிய துணியையே குறித்தது. இன்று ‘டயப்பர்’ என்று மருந்துக்கடைகளில் விற்பதையும் அச்சொல்லாலேயே வழங்குகிறோம். இது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பிக் கோளாறும், பெண்டிர்க்கு மகப்பேற்றால் தளர்ந்த இடுப்புத் தசைகளும், இருபாலார்க்கும் நீரிழிவும் பக்கவாதமும் மறதிநோயும் சிறுநீர்க் கசிவை உண்டாக்கக்கூடும். இவற்றுள் மருத்துவத்தால் குணமாவனவும் உள. ஆதலின் முதலில் நாட வேண்டியவர் மருத்துவரே.

உடல் நலமிக்கோரும் இத்தேவைக்கு விலக்கல்லர். 1961 மே 5ஆம் நாள் விண்ணுக்குச் சென்ற அமெரிக்க வீரர் ஆலன் ஷெப்பர்டு, புறப்பாடு மணிக்கணக்கில் தாமதமானமையால் விண்ணுடையிலேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. விண்கலத்திற்கு வெளியே பணிபுரிவோர் உறிஞ்சும் உள்ளாடை அணிவது பின்னர் வழக்கமாயிற்று. முதியோர் மிகுந்த ஜப்பானில் ஓஜி நிறுவனம், உள்நாட்டில் குழந்தை அணையாடைத் தயாரிப்பை நிறுத்திப் பெரியோர் அணையாடையில் கருத்தைச் செலுத்தப்போவதாக 2024இல் அறிவித்தது.

இதன் அமைப்பு எளியது. உடலை ஒட்டிய மெல்லிய அடுக்கு ஈரத்தை உள்ளே விடும். நடுவே மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் நுண்மணிகளும் உள்ளன. இம்மணிகள் தூய நீரைத் தம் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்ச வல்லன. உப்புக் கலந்த சிறுநீராயின் சில பதின் மடங்கு உறிஞ்சிக் கூழாக்கி நிறுத்தும். வெளிப்புற அடுக்கு ஆடை நனையாமல் காக்கும். நடமாடுவோர்க்குக் காற்சட்டை வகையும், படுக்கையில் இருப்போர்க்குப் பக்கங்களில் ஒட்டும் வகையும் ஏற்றவை. இடுப்பளவு அறிந்து வாங்குதல் வேண்டும். தளர்ந்தால் கசியும், இறுகினால் தோல் புண்ணாகும்.

இதனால் விளையும் நன்மைகள் பல. நள்ளிரவில் விரைந்தெழுந்து வழுக்கி விழும் அச்சம் குறைகிறது, உறக்கம் வாய்க்கிறது, பயணமும் விருந்தும் மீண்டும் கைகூடுகின்றன.

தொழுகை பற்றிய ஐயம் நம் மூத்தோரைப் பெரிதும் வாட்டுகிறது. விடாது கசியும் நிலையில் உள்ளோர்க்கு மார்க்கச் சட்டம் சலுகை தந்துள்ளது. தொழுகை நேரம் வந்தபின் தூய்மை செய்து, கசிவைத் தடுக்கக் காப்புக் கட்டி, உளூச் செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு கடமைத் தொழுகைக்கும் தனித்தனியே உளூச் செய்தல் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்நேரம் முடியும்வரை ஓர் உளூவே போதும். அன்று கட்டிய துணியின் இடத்தையே இன்று அணையாடை பெறுகிறது. அவரவர் நிலைக்குரிய தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிதல் நலம்.

வசதி என்பது அணிவோர்க்கே உரியதாதல் வேண்டும். கழிப்பறை வரை நடக்கக்கூடிய தாயைக் கைபிடித்து அழைத்துச் செல்லச் சோம்பி, அணையாடையை மாட்டிவிடுதல் பணிவிடை ஆகாது. நனைந்ததை நெடுநேரம் விட்டுவைத்தலும் தவறு. மலம் கழித்திருப்பின் உடனே மாற்றி, கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின்னரே புதியதை அணிவித்தல் வேண்டும். கழற்றியதைத் தாளில் பொதிந்து தனியே குப்பைக்குத் தருவதும் நம் கடனே. சாக்கடையில் எறிதல் ஊருக்கே தீங்கு.

முதிய பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூடாதென்பது திருமறையின் கட்டளை. நம்மைச் சிறுவயதில் துடைத்துத் தூய்மை செய்த கைகள் இன்று நடுங்குகின்றன. வாப்பாவோ உம்மாவோ வாய்விட்டுக் கேட்க நாணுவர். பிள்ளைகளாகிய நாமே குறிப்பறிந்து, தனியே இருக்கும்போது மெல்ல எடுத்துச் சொல்லி, வாங்கித் தருதல் வேண்டும்.