முளையிலே தெரியுமா பயிர்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால், எந்த முளை விளையும் என்று அமெரிக்கப் பேஸ்பால் கோஷ்டிகளின் நிர்வாகிகளைக் கேட்டால், தலையைச் சொறிந்துகொள்வார்கள்!

கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஆட்டம் பேஸ்பால். அங்கே பெரிய கோஷ்டிகள் 30 உண்டு. முன்பெல்லாம் கெட்டிக்காரப் பையன் ஒருவன் தென்பட்டால், எந்தக் கோஷ்டி அதிகப் பணம் தருகிறதோ அதற்கே அவன் சொந்தம். பணக்காரக் கோஷ்டி மேலும் வலுத்தது. ஏழைக் கோஷ்டி தோற்றுக்கொண்டே இருந்தது. இதை மாற்றுவதற்காக 1965-ல் பிறந்த ஏற்பாடுதான் 'டிராஃப்ட்'. தோற்ற கோஷ்டிகள் முதலில் பொறுக்கி எடுக்கலாம். ஜெயித்தவர்கள் பின்னால் வரவேண்டும். வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க, 2023 முதல் முன் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் நடக்கிறது. இப்போது மொத்தம் 20 சுற்றுகள்.

மார்க்குப் போடும் விதம்

'ஸ்கவுட்' எனப்படும் தேர்வாளர்கள் ஊர் ஊராக அலைந்து பள்ளி, கல்லூரி மைதானங்களில் காத்துக் கிடக்கிறார்கள். பந்தை அடிக்கும் திறமை, அடியின் பலம், ஓட்டம், எறியும் வலு, பந்தைத் தடுக்கும் சாமர்த்தியம் என்ற ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மார்க்குப் போடுகிறார்கள். 50 வாங்கினால் பெரிய ஆட்டக்காரர்களில் நடுத்தரம். இத்துடன் புள்ளிவிவரக் கணக்கும், வைத்தியப் பரிசோதனையும் உண்டு. பையன் எவ்வளவு பணம் கேட்பான் என்பதும் முக்கியம். ஏனெனில், 2012 முதல் ஒவ்வொரு கோஷ்டியின் செலவுக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

பையனுக்கும் சங்கடம் உண்டு. பெயர் சொன்ன கோஷ்டியோடுதான் அவன் பேரம் பேசலாம். பிடிக்காமல் நாலு வருஷப் படிப்புக்குக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்று வருஷம் முடியும் வரையோ, 21 வயது ஆகும் வரையோ காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் செய்ய வேண்டிய முடிவு இது!

கணக்குப் பொய்த்த கதை

இத்தனை பார்த்தும் கணக்குத் தவறுவது உண்டு. 1966-ல் முதல் வாய்ப்புப் பெற்ற நியூயார்க் மெட்ஸ் கோஷ்டி, ஸ்டீவ் சில்காட் என்ற பையனை எடுத்தது. அவர் பெரிய பந்தயம் ஒன்றில்கூட ஆடவில்லை. அடுத்ததாக வேறு கோஷ்டி எடுத்த ரெஜி ஜாக்சனோ 563 'ஹோம் ரன்' அடித்துப் புகழ் பெற்றார்.

1988-ல் மைக் பியாசா 62-வது சுற்றில், 1,390-வது பெயராக வந்தார். அவருடைய தகப்பனாருக்குச் சிநேகிதரான டாட்ஜர்ஸ் நிர்வாகி டாமி லசோர்டாவின் சிபாரிசே அதற்குக் காரணம். அந்தச் 'சிபாரிசுப் பையன்' 427 ஹோம் ரன் அடித்தார். 2016-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தார்.

தேர்வு பிசகினால் கோஷ்டி மறு வருஷம் வேறு பையனைத் தேடிக்கொள்ளும். பையனுக்கோ, பதினெட்டு வயது ஒரு தடவைதான் வருகிறது.