தீயைக் காவலுக்கு வைத்த கதை



1940 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் படை டன்கர்க் கடற்கரையிலிருந்து கப்பலேறித் தப்பியது. ஆட்கள் வந்து சேர்ந்தனர். பீரங்கிகளும் வண்டிகளும் பிரான்சிலேயே கிடந்தன. ஜெர்மானியர் எந்நாளும் கடல் கடந்து வரலாம் என்ற அச்சம். ஆயுதம் போதவில்லை, பெட்ரோல் இருந்தது. அதையே ஆயுதமாக்க, அவ்வாண்டு ஜூலையில் பெட்ரோலியப் போர்முறை இலாகா என ஒன்றை அமைத்தனர்.

அங்கே உருவானவற்றுள் ஒன்று 'ஃபூகாஸ்' எனும் தீப்பீப்பாய். நாம் தோட்டத்தில் பார்க்கும் எண்ணெய் டிரம் போன்றதுதான். 40 கேலன் பிடிக்கும். சாலை வளைந்து, வண்டிகள் வேகம் குறைக்கும் இடத்தில், ஓரத்து மண்மேட்டைக் குடைந்து அதைப் படுக்க வைத்து மறைப்பார்கள். பின்புறம் வெடிமருந்து. அதிலிருந்து மின்கம்பி, தூரத்தில் ஒளிந்திருப்பவர் கைக்குப் போகும். அவர் விசையை அழுத்தினால் பீப்பாய் பிளந்து, தீ சுமார் 30 கஜ தூரம் சீறிப்பாயும்.

வெறும் பெட்ரோல் இதற்கு உதவாது. ஈர விறகில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்த துணிச்சல்காரர்களுக்குத் தெரியும் (நாம் அப்படிச் செய்ய வேண்டாம்!): குப்பென்று எழும், உடனே அடங்கும். ஆகவே கனமான எண்ணெயும் கலந்தார்கள். அது பட்ட இடத்தில் ஒட்டி நின்று எரியும். கொடுமையும் அதில்தான்.

ஒருமுறைதான் வெடிக்கும், இடம் மாற்றவும் முடியாது. எதிரி அருகில் வரும்வரை ஒருவர் மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் புதைத்தும், ஜெர்மானியர் வராததால் பிரிட்டனில் எதிரிமீது ஒன்றைக்கூட வெடிக்க நேரவில்லை.

நம் பால்மரத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. பெட்ரோலைக் கூழாக்க அமெரிக்கர் முதலில் ரப்பரையே கரைத்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்து மலாயா முழுதும் ஜப்பானியர் வசமானதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு. அவ்வாண்டே ஹார்வர்டில் லூயிஸ் ஃபீசர் குழுவினர் அலுமினியச் சோப்புத்தூளால் கூழாக்கும் வழி கண்டனர். அதுவே நேபாம். கொரியாவிலும் வியட்நாமிலும் முகாம்களைச் சுற்றி நேபாம் பீப்பாய்களைப் புதைத்தார்கள்.

தீ ஆயுதங்களால் பொதுமக்களைத் தாக்கக்கூடாதென 1980-இல் ஐக்கிய நாடுகள் வகுத்த உடன்படிக்கையில், ஃபூகாஸின் பெயரும் குறிப்பிடப்பட்டிருக்கிறது.