விலை ஏறியதா, ஏற்றப்பட்டதா?

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் மூன்று மொழிகளோடு பழகுகின்றனர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் அவ்வூர் மொழி, அறிவிப்புப் பலகையிலும் ரசீதிலும் ஆங்கிலம். இம்மூன்றிலும் அடிக்கடி நம்மை வந்தடையும் செய்தி, விலை கூடிற்று என்பது. அதனைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் வழங்குகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே போலத் தோன்றும். ஆயினும், விலையை உயர்த்தியவர் இன்னார் என்று சில சொற்கள் காட்டும். சில அதனை மறைக்கும். இவ்வேறுபாட்டை இங்கே ஆராய்வோம்.

ஏர்பேட்டை எடுத்துக்கொள்வோம். ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே இருப்புப்பாதை ஓரத்தில் உள்ள ஊர் இது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022-இல் புதிய திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. தொழில்நுட்பக் கழகமும் அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் அமைந்துள்ளமையால், பல மாநில மாணவர்கள் இன்று அங்கே தங்கிப் பயில்கின்றனர்.

அப்பகுதியில் காய்கறிக் கடைக்காரர் தெலுங்கில் 'தர பெரிகிந்தி' என்பார். பேருந்துக் கட்டணம் கூடினாலோ 'சார்ஜீலு பெஞ்சாரு' என்று சொல்வர். முன்னதில் விலை தானே பெருகியது. பின்னதில் கட்டணத்தைச் சிலர் பெருக்கினர். நம் மொழியிலும் இவ்வேறுபாடு தெளிவாக உண்டு. ஏறு – ஏற்று, உயர் – உயர்த்து, கூடு – கூட்டு என்பன தன்வினை, பிறவினை இணைகள். பள்ளியில் இலக்கணமாகப் படித்த இப்பாகுபாடு சந்தையிலும் நமக்குப் பயன்படுகிறது.

ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்பது தன்வினை. 'ரெய்ஸ்' என்பது பிறவினை. ஒலியில் நெருங்கியவை ஆதலால் இவற்றை மாற்றி வழங்குவோர் பலர். மேலும், சம்பள உயர்வை இங்கிலாந்தில் 'ரைஸ்' என்றும் அமெரிக்காவில் 'ரெய்ஸ்' என்றும் குறிப்பர். 'இன்க்ரீஸ்' என்னும் சொல்லோ இரண்டிற்கும் பொது. அதனைத் தமிழில் எழுதும்போது, உயர்ந்ததா, உயர்த்தப்பட்டதா என்று வாக்கியத்தை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

பேச்சு வழக்கில் 'கோ அப்' என்றால் ஏறுதல்; 'புட் அப்' என்றால் ஏற்றுதல். 'ஹைக்' அமெரிக்க வழக்கிலிருந்து வந்தது. குறுகிய சொல் ஆதலால் நம் நாட்டு ஆங்கிலச் செய்தித்தாள்களின் தலைப்புகளில் நிலைத்துவிட்டது. வண்டியைத் தூக்கும் ஜாக்கியிலிருந்து பிறந்த 'ஜாக் அப்' என்பதில், அளவு மீறி ஏற்றினார்கள் என்ற குறை கூறும் தொனி உண்டு. 'மார்க் அப்' வணிகர் சொல். 80 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 100 ரூபாய்க்கு விற்றால், அடக்க விலையின்மேல் வைத்த 20 ரூபாயே அது.

வாடகைக் கார்ச் செயலிகளில் காணும் 'ஸர்ஜ்' என்னும் சொல் அலை பொங்குவதைக் குறிப்பது. இயற்கை நிகழ்ச்சி போல அது ஒலித்தாலும், கட்டணத்தைக் கூட்டுவது நிறுவனம் வகுத்த கணக்கே. அது அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

அலுவலக ஆங்கிலத்தின் மென்மையான சொற்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 'ரிவிஷன்' என்பது திருத்தம். ஏற்றமும் இறக்கமும் அதில் அடங்கும். 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் பெட்ரோல் விலையை நாள்தோறும் மாற்றும் முறைக்கு இச்சொல் பொருந்தும். 'ரேஷனலைசேஷன்' என்பது சீரமைப்பு. 2025 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த ரயில் கட்டண மாற்றத்திற்கு ரயில்வே அமைச்சகம் இச்சொல்லையே பயன்படுத்தியது. அதன்படி மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் குளிர்சாதனமற்ற வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு ஒரு காசும், குளிர்சாதன வகுப்புக்கு இரண்டு காசும் கூடின. ஆயிரம் கிலோமீட்டர் பயணத்திற்கு இது முறையே 10 ரூபாயும் 20 ரூபாயும் ஆகும். ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு ஊர் திரும்புவோர் இத்தொகையைப் போக, வர, ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பர். அவர்களுக்கு இது உயர்வே.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் அரசாணையில் 'சீரமைப்பு' என்று இருப்பதைச் 'சீரமைப்பு' என்றே எழுதக் கடமைப்பட்டவர்கள். மூலத்தில் இல்லாத சொல்லைப் புகுத்துதல் முறையன்று. ஆனால் படிப்பவர் அச்சொல்லோடு நின்றுவிடலாகாது. உயர்த்தியவர் யார், எவ்வளவு, எந்நாள் முதல் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். மழையின்மையால் தக்காளி விலை ஏறினால், விடை சொல்ல ஓர் அலுவலகம் இராது. கட்டணம் ஏற்றப்பட்டிருந்தால் ஆணை ஒன்று இருக்கும். அதில் நாளும் அளவும் குறித்திருக்கும். அதனைக் காட்டுமாறு பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கேட்கும் கடைக்காரர் 'ரேட் ஏறிவிட்டது' என்று தன்வினையில் சொல்லக்கூடும். அவ்வாறு விற்பது எடையளவுச் சட்ட விதிகளுக்கு மாறானது. அங்கே விலையை ஏற்றியவர் அவரே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் எந்த மாநிலத்திலிருந்தும் முறையிடலாம்.

அயலூரில் மொழி முழுதும் கைவராதவரை, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருவதே நம்மவர் பலரின் வழக்கம். ஊர் மொழியில் நூறு சொல் கற்பதற்கு முன், ஏறுவதற்கும் ஏற்றுவதற்கும் உரிய இரண்டு சொற்களையேனும் கற்றுக்கொள்வது நலம்.