இழுக்காத என்ஜின்: குற்றவாளி யார்?

மழைக்குப் பிறகு மக்கர் செய்யும் கார்களில் கரன்ட் மீது ஆயிலும், ஆயில் மீது கரன்ட்டும் பழி போடுகின்றன

மல்காஜ்கிரி, ஹைதராபாத்

சமதளத்தில் கார் சாதுவாகத்தான் ஓடும். மேம்பாலத்தில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் விக்கும், குலுங்கும். பின்னால் வரும் லாரி அலறும்.

2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய தொகுதி மல்காஜ்கிரி. கனமழை கொட்டினால் காலனிகளில் தண்ணீர் தேங்கும் ஊரும் இதுதான். 2020 அக்டோபர் 13 இரவு ஹைதராபாத்தைப் புரட்டிப்போட்ட மழையில் நகரின் பல பகுதிகளில் கார்கள் மிதந்தன. 2015 டிசம்பரில் சென்னை பார்த்த அதே காட்சி. தண்ணீர் ஓரிரு நாளில் வடிந்துவிடும். காருக்குள் புகுந்த ஈரம் அவ்வளவு சுலபத்தில் விடைபெறாது.

முதல் சந்தேகம் கரன்ட் மீது. பாரம் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது; அப்போது ஸ்பார்க் ப்ளக் பொறி விட அதிக வோல்ட் தேவை. ஈரமோ வெடிப்போ உள்ள காயில் அந்த நேரம் பார்த்துக் கைவிடும். மேம்பாலத்து மர்மம் இவ்வளவுதான். ஸ்கேனரை மாட்டினால் 'பி 0301' என்று வரும்: 1-வது சிலிண்டர் சரியாக எரியவில்லை. எங்கே என்று சொல்லும் ஸ்கேனர், ஏன் என்று சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால் 1-வது காயிலைக் கழற்றி 2-வதில் மாட்டிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே நகர்ந்து 'பி 0302' என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் கறுத்திருப்பது குற்றமல்ல. அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் வேலை. பால் கலந்த காபி போல் இருந்தால்தான் ஆபத்து, உள்ளே தண்ணீர் இருக்கிறது. அளவு குறைவதைவிட விசித்திரமானது, ஊற்றாமலே ஏறுவது.

இங்கேதான் இரண்டு சந்தேகங்களும் கைகோர்க்கின்றன. பொறி விழாத சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவரோரமாகக் கீழே வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. சில ஆயிரம் ரூபாய் காயிலை அலட்சியம் செய்து மாதக்கணக்கில் ஓட்டினால் என்ஜினையே இறக்க வேண்டிவரலாம். நேர்மாறாகவும் நடக்கும். வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றியமைக்கும் இன்றைய என்ஜின்களில் ஆயில் குறைந்தாலோ கெட்டியானாலோ இழுவை போய்விடும். டாஷ்போர்டில் எரிவதோ என்ஜின் விளக்கு; பழி சென்சார் மீது விழும்.

மஞ்சள் விளக்கு சும்மா எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெல்லப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கிறது என்று பொருள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எந்த இடமானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

வெள்ளத்தில் நின்ற காரில் பலரும் முதலில் செய்வது சாவியைத் திருகிப் பார்ப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கும் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். 'என்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பாலிசி தனியாக இருக்க வேண்டும். அது இருந்தாலும், சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் என்ஜினைப் பிரித்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும்.