நாலு ராஸ்பெர்ரி பை, ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் டெம்போ கணக்கு

நாலு ராஸ்பெர்ரி பை 3பி போர்டுகளை ஒரு ஈதர்நெட் ஸ்விட்ச்சில் கோர்த்துக் கிளஸ்டர் என்று காட்டினால், திருப்பூர்ப் பசங்க முதலில் கேட்பது: "இது என் லேப்டாப்பை விட வேகமா சார்?" இல்லை. இன்றைய சாதாரண லேப்டாப்பே இந்த நாலையும் முந்திவிடும். அப்புறம் எதுக்கு? வேலையைப் பிரிப்பதற்கு ஆகும் செலவைக் கண்ணால் பார்க்க.

இந்த ஊருக்கு அது புதுசில்லை. கட்டிங் முடிந்த பீஸை நாலு பவர்டேபிளுக்குப் பிரித்துக் கொடுத்தால் நாலு மடங்கு சீக்கிரம் முடியுமா? பண்டல் கட்டணும், டெம்போ போகணும், திரும்பி வரணும், கடைசியில் செக்கிங் டேபிள் ஒண்ணே ஒண்ணுதான். 1967-ல் ஜீன் ஆம்டால் இந்தக் கடைசி டேபிளைத்தான் கணக்காகச் சொன்னார். வேலையில் 10 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், நாலு கணினி போட்டாலும் வேகம் சுமார் 3.1 மடங்குதான், ஆயிரம் போட்டாலும் 10 மடங்கை எட்டாது. டெம்போ வாடகை இதில் சேரவே இல்லை!

வகுப்புக்கு எம்பிஐ-யில் எழுதிய இரண்டு புரோகிராம் போதும். முதலாவது, ரேண்டமாகப் புள்ளிகளைத் தூவி வட்டத்தின் பை மதிப்பைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு போர்டும் தனியாக எண்ணிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு எண்ணை அனுப்பும். கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகம் கிடைக்கும், பசங்களுக்கு ஒரே குஷி. அடுத்தது 4000-க்கு 4000 மேட்ரிக்ஸ் பெருக்கல். ஒரு மேட்ரிக்ஸே 128 எம்பி. 3பி-யின் நெட்வொர்க் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது அதிகபட்சம் 12.5 எம்பி. ஒரு போர்டுக்கு அனுப்பவே 10 நொடிக்கு மேல். மற்ற மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்பினால் அரை நிமிஷம் போச்சு, பெருக்கல் இன்னும் தொடங்கவே இல்லை. யாராவது ஒருத்தன் "டெம்போ சார்" என்பான். அன்றைய பாடம் முடிந்தது.

அதனால்தான் கிகாபிட் வசதி உள்ள பை 4-ஐ விட, பழைய 3பி-யே கற்பிக்க நல்லது என்கிறேன். நிஜ ஆராய்ச்சிக்கு நேர் எதிர். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் கட்டிய 'கப்ரு' கிளஸ்டரில் 144 கணினிகள். அவற்றை இணைக்க எஸ்சிஐ என்ற தனி அதிவேக நெட்வொர்க்கே போட்டார்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2012-ல் 64 பை போர்டுகளை லெகோ அடுக்கில் கோர்த்தது கற்பிக்கவும் ஆர்வத்தைத் தூண்டவும்தான்.

வாங்கும்போது நல்ல பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம், சின்ன யுபிஎஸ் ஒன்றும் சேர்த்துக்குங்க. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.